கும்மட்டத்தில் பன்னிருவர்: கார்ஸ் ஆலயத்தின் ஆயிரம் ஆண்டுகள்

துருக்கியின் வடகிழக்கு மூலையில் கார்ஸ் என்றொரு நகரம் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும் ஊர். அங்கே கோட்டை மலையின் அடிவாரத்தில், கறுத்த பசால்ட் கல்லால் கட்டிய பள்ளிவாசல் ஒன்று நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதைக் ‘கும்பெத் ஜாமி’ என்கிறார்கள். கும்பெத் நமக்கு அந்நியச் சொல் இல்லை. பாரசீகத்தில் கும்பத், அதுவே உருது வழியாக நம்மிடம் வந்து ‘கும்மட்டம்’ ஆனது. ஆக, அவர்கள் சொல்வது ‘கும்மட்டப் பள்ளிவாசல்’.

உள்ளே நுழைவதற்கு முன், வெளியே நின்று அந்தக் கும்மட்டத்தை ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். மேலே கூம்பு வடிவக் கூரை. அதற்குக் கீழே உருளை போன்ற கழுத்துப் பகுதி. கழுத்தைச் சுற்றிலும் சுவரோடு ஒட்டிய வளைவுகள் வரிசையாகச் செல்கின்றன. வளைவுக்கும் வளைவுக்கும் இடையில் ஒருவர் ஒருவராக 12 மனித உருவங்கள். நுணுக்கமான சிற்பங்கள் என்று சொல்ல முடியாது. கல்லிலிருந்து கொஞ்சமே எழும்பி நிற்கும் எளிய செதுக்கல். காற்றும் பனியும் அவற்றை இன்னும் மழுக்கிவிட்டன. இயேசுவின் பன்னிரண்டு சீடர்கள் என்றே எல்லோரும் கொள்கிறார்கள். கீழே ஐவேளைத் தொழுகை நடக்கிறது. மேலே பன்னிருவரும் ஆயிரம் ஆண்டுகளாக நான்கு திசையையும் பார்த்தபடி நிற்கிறார்கள்.

இது 10ஆம் நூற்றாண்டில் ஆர்மீனிய மன்னர் கட்டிய தேவாலயம். ஆர்மீனியர்கள் ‘சுர்ப் அரகெலொத்ஸ்’ என்பார்கள், பரிசுத்த அப்போஸ்தலர் ஆலயம் என்று பொருள். இப்படிப்பட்ட கட்டடங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே, சிலுவையை இறக்கிப் பிறையை ஏற்றினார்கள் என்ற ஒற்றை வரியில் முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. கார்ஸ் ஆலயத்தின் வரலாறு அந்த ஒரு வரிக்குள் அடங்காது. இதைப் பறித்தவர்களில் முஸ்லிம்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு, மதத்தையே பொருட்படுத்தாதவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்தவரை, சொந்தக்காரர்களிடம் திருப்பித் தரும் எண்ணம்தான் இதைப் பறித்த எந்தப் பேரரசுக்கும் வந்ததில்லை.

பிறந்த கதையிலிருந்து தொடங்கலாம். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்மீனியாவை ஆண்டவர்கள் பாக்ராதுனி வம்சத்தினர். 928 வாக்கில் அரியணை ஏறிய மன்னர் அபாஸ், கார்ஸைத் தன் தலைநகராக்கினார். தலைநகர் என்றால் பேராலயம் வேண்டும். 930களில் வேலை தொடங்கி, 940களின் தொடக்கத்துக்குள் கட்டி முடித்தார்கள்.

திறப்பு விழாவே ரத்தத்தில்தான் முடிந்தது என்கிறார்கள் அக்கால ஆர்மீனிய வரலாற்றாசிரியர்கள். வடக்கே இருந்த அப்காசியத் தரப்பிலிருந்து பேர் என்ற தலைவன் படையோடு வந்து, ‘உன் புதிய ஆலயத்தைக் கல்செடோன் முறைப்படிதான் அர்ப்பணிக்க வேண்டும்’ என்று அபாஸுக்கு ஆள் அனுப்பினானாம். அபாஸ் மறுத்தார். போர் நடந்தது. பேர் பிடிபட்டான். அவனைக் கார்ஸுக்கு இழுத்துவந்து, புத்தம் புதிய ஆலயத்தின் முன் நிறுத்தி, ‘இதன் அழகை நன்றாகப் பார்த்துக்கொள், இனிமேல் நீ இதைப் பார்க்கப் போவதில்லை’ என்று சொல்லி, அவன் கண்களைப் பிடுங்கச் செய்தார் என்று கதை போகிறது.

கதையின் ஒவ்வொரு விவரமும் அப்படியே நடந்ததா என்பது வேறு விஷயம். என்னை நிறுத்தி வைப்பது அந்தச் சண்டையின் காரணம். இரண்டு தரப்புமே கிறிஸ்தவர்கள். 451-இல் கல்செடோன் என்ற ஊரில் கூடிய பேரவை, கிறிஸ்துவிடம் தெய்விகமும் மனிதமும் ஆக இரண்டு இயல்புகள் உண்டு என்று வரையறுத்தது. கிரேக்கத் திருச்சபை ஏற்றது, பிறகு ஜார்ஜியர்களும் ஏற்றார்கள். ஆர்மீனியத் திருச்சபை ஏற்கவில்லை. அந்தப் பிளவு வெறும் இறையியல் வாதமாக நிற்கவில்லை. வழிபாட்டு முறை, குருமார், மொழி, கடைசியில் ‘நாங்கள் யார்’ என்ற அடையாளம் வரை போனது. ஆகவே இந்த ஆலயத்தின் மேல் விழுந்த முதல் உரிமைக் கோரிக்கை ஒரு கிறிஸ்தவனுடையது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 900 ஆண்டுகள் கழித்து, அதே கோரிக்கை வேறொரு கையால் நிறைவேறப் போகிறது.

கட்டடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நடுவில் ஒரு சதுரம். சதுரத்தின் நான்கு பக்கமும் அரைவட்டமாக வெளியே தள்ளிய நான்கு மாடங்கள். மேலிருந்து பார்த்தால் நான்கு இதழ்ப் பூ மாதிரி இருக்கும். நடுச் சதுரத்தின் மேல் கும்மட்டம். சதுரத்தின் மேல் வட்டத்தை எப்படி ஏற்றி வைப்பது என்பதுதான் எந்தக் கும்மட்டக் கொத்தனுக்கும் முன்னால் நிற்கும் கணக்கு. இங்கே நான்கு மூலைகளிலும் விசிறிபோல் விரியும் மூலை வளைவுகளைக் கட்டி, சதுரத்தை எண்கோணமாக்கி, அதன்மேல் கழுத்தை எழுப்பினார்கள். ஆர்மீனியாவின் மஸ்தாரா ஊரில் 7ஆம் நூற்றாண்டு ஆலயம் ஒன்று இருக்கிறது. கார்ஸ் ஆலயத்தின் குடும்பம் அதுதான். அபாஸின் கொத்தர்கள் புதுமை தேடவில்லை, 300 ஆண்டு பழைய முறையை எடுத்துக் கையாண்டார்கள். இடையில் அரபு ஆட்சியில் பெரிதாக ஆலயம் கட்ட முடியாமல் இருந்த ஒரு சமூகம், அரசு கைக்கு வந்ததும் தன் பழைய பாணியைத் தேடிப் போனது என்று நான் இதை வாசிக்கிறேன்.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்மீனியச் சுவர் முழுக்க முழுக்கச் செதுக்கிய கல் இல்லை. வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை நேர்த்தியாக வெட்டிய கற்பலகைகள். இரண்டுக்கும் நடுவில் சுண்ணாம்புச் சாந்தும் உடைகல்லும் சேர்த்துக் கொட்டிய கலவை. அந்தக் கலவை இறுகிப் பாறையாகிவிடும். இந்த முறையின் பலம் நிலநடுக்கத்தில் தெரியும். பலவீனம், கைவிடப்பட்டால் தெரியும். அக்கம்பக்கத்தார் வீடு கட்ட வெட்டுக்கல் தேடி வந்தால், முதலில் போவது வெளிப்பலகைகள்தான். தோலை உரித்த மாதிரி உள்கலவை மட்டும் முண்டும் முடிச்சுமாக நிற்கும். கிழக்குத் துருக்கியின் கிராமப்புறங்களில் இப்படித் தோலுரிந்த ஆலயங்கள் ஏராளம். கார்ஸ் ஆலயம் அந்தக் கதிக்கு ஆளாகவில்லை. காரணம், அது பெரும்பாலும் யாராவது ஒருவரின் பயன்பாட்டில் இருந்தது.

தலைநகர் அந்தஸ்து நீடிக்கவில்லை. 961-இல் அபாஸின் மகன் மூன்றாம் அஷோத் தலைநகரை ஆனி நகருக்கு மாற்றினார். கார்ஸ், வனாந்த் என்ற சிற்றரசின் ஊராகச் சுருங்கியது. 1064-இல் செல்ஜூக் சுல்தான் ஆல்ப் அர்ஸ்லான் ஆனியைப் பிடித்தார். அங்கிருந்த பேராலயம் பள்ளிவாசலானது. கார்ஸின் கடைசி மன்னர் ககிக் அபாஸ் கறுப்பு உடை உடுத்தி, ‘உங்கள் முன்னவர் என் நண்பர், அவர் இறந்த துக்கம் காக்கிறேன்’ என்று சொல்லிச் சுல்தானின் மனதைக் கரைத்தார் என்றொரு கதை உண்டு. தந்திரம் சில காலத்துக்கே உதவியது. அவர் தன் நாட்டைப் பைசாந்தியப் பேரரசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வேறிடம் போனார். கொஞ்ச நாளிலேயே கார்ஸும் செல்ஜூக்குகளிடம் வீழ்ந்தது. பிறகு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜியர், அடுத்து மங்கோலியர், 1386-இல் தைமூர். வேகமாகக் கடந்துவிடலாம், ஒவ்வொருவரும் ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்தார்கள் என்பதே சாரம்.

16ஆம் நூற்றாண்டில் கார்ஸ், ஒட்டோமான் பேரரசுக்கும் பாரசீக சஃபாவிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எல்லை ஊர். 1555-இல் அமாஸ்யா உடன்படிக்கையில் இருதரப்பும், இந்த ஊர்க் கோட்டை இடிந்தபடியே கிடக்கட்டும் என்று ஒப்புக்கொண்டன. 1579-இல் மூன்றாம் முராத் சுல்தானின் ஆணைப்படி லாலா முஸ்தபா பாஷா பெரும்படையோடு வந்து கோட்டையையும் ஊரையும் மீண்டும் கட்டினார். ஆலயம் பள்ளிவாசலானது அப்போதுதான்.

அதை ஏன் மாற்றினார்கள்? போரிட்டுப் பிடித்த நகரத்தில் முதன்மை ஆலயத்தைப் பள்ளிவாசலாக்குவது ஒட்டோமான் வழக்கம். 1453-இல் கான்ஸ்டான்டிநோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) ஹாகியா சோபியா பேராலயத்துக்கு நடந்தது அதுவே. வெள்ளிக்கிழமைத் தொழுகைச் சொற்பொழிவான குத்பாவில் யார் பெயரைச் சொல்கிறார்கள் என்பதுதான் அந்த ஊர் யாருடையது என்பதற்கான அறிவிப்பு. அதற்கு ஊரிலேயே பெரிய கூடம் தேவை. புதிதாகக் கட்டக் காலமும் பணமும் ஆகும். நிற்கிற கூடத்தை எடுத்துக்கொள்ள ஒரு நாள் போதும். கார்ஸ் போன்ற பாழடைந்த எல்லை ஊரில் இந்தக் காரணம் இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

கட்டடமும் இதற்கு இடம் கொடுத்தது என்று சொன்னால் ஆச்சரியமாக இருக்கலாம். ஆர்மீனிய ஆலயத்தின் பீடம் கிழக்கே. கார்ஸிலிருந்து மக்கா ஏறக்குறைய நேர் தெற்கே. ஐரோப்பியப் பாணியில் நீள வாக்கில் கட்டிய ஆலயமாக இருந்தால், தொழுகை வரிசைகள் கட்டடத்துக்குக் குறுக்கே விழுந்து, ஒவ்வொரு வரிசையும் தூண்களில் முட்டி முறிந்துபோகும். நான்கு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் நான்கிதழ்க் கூடத்தில் அந்தச் சிக்கல் இல்லை. கிழக்குப் பார்த்து நின்றவர்கள் இருந்த இடத்திலேயே வலப்பக்கமாகத் திரும்பினால் கிப்லா. நடுவில் தூணும் கிடையாது. இன்னொன்று: ஆர்மீனிய ஆலயங்களில் உருவப்படங்கள் குறைவு. அழிக்க வேண்டிய, சுண்ணாம்பு பூச வேண்டிய சுவரோவியங்கள் அதிகம் இருந்திருக்காது. பன்னிரு சீடர்களோ வெளியே, எட்டாத உயரத்தில் இருந்தார்கள். அவர்களை யாரும் கொத்தி எடுக்கவில்லை. மனித உருவத்தை வழிபாட்டு இடத்தில் ஏற்காத ஒரு மரபு, தன் பள்ளிவாசலின் கும்மட்டத்தில் 12 மனித உருவங்களை நூற்றாண்டுக் கணக்கில் விட்டு வைத்தது. அதை நியாயமாகச் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்த 300 ஆண்டுகள் அது பள்ளிவாசலாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யர்கள் வந்தார்கள். ஒருமுறை இல்லை, மூன்று முறை. 1828-இல் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். 1855-இல் நீண்ட முற்றுகைக்குப் பின் பிடித்து, மறு ஆண்டு திருப்பிக் கொடுத்தார்கள். 1877 நவம்பரில் ஓரிரவுத் தாக்குதலில் பிடித்தபோது, திருப்பித் தரவில்லை. 1878 பெர்லின் உடன்படிக்கை கார்ஸை ரஷ்யாவுக்கு உரியதாக்கியது.

1877-இல் காக்கசஸ் களத்தில் ரஷ்யப் படையை நடத்திய முக்கியத் தளபதி லோரிஸ் மெலிக்கோவ், ஆர்மீனியர். அந்த இரவு கோட்டையைத் தாக்கிய படைகளுக்குத் தலைமை தாங்கிய லாசரேவும் ஆர்மீனியர். ஊரைப் பிடித்தது ஆர்மீனியத் தளபதிகள், ஊருக்குள் ஆர்மீனிய மக்கள், நடுவில் ஆர்மீனிய மன்னர் கட்டிய ஆலயம். அது யாருக்குப் போனது? ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு. அதாவது கல்செடோன் தரப்புக்கு. கண்ணிழந்த அந்த அப்காசியத் தலைவன் கேட்டதை ஜார் அரசு நிறைவேற்றிவிட்டது.

ரஷ்யர்கள் தங்கள் முத்திரையைக் கல்லிலும் விட்டுச் சென்றார்கள். மூன்று வாசல்களுக்கும் முன்னால் முகமண்டபங்கள் கட்டினார்கள். இன்று ஆலயத்தின் முன் நிற்பவர் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். பக்கத்தில் ஒரு மணிக்கூண்டு எழுப்பினார்கள். அது பின்னால் இடிக்கப்பட்டது. உள்ளே கிழக்கு மாடத்துக்கு முன்னால் வேலைப்பாடு மிக்க திருவுருவத் திரைச்சுவர் ஒன்றை நிறுத்தினார்கள். இந்தச் சுவரைப் பார்த்துப் பலரும் ‘பழைய ஆர்மீனிய வேலை’ என்று நினைத்துவிடுகிறார்கள். ஆர்மீனிய ஆலயத்தில் இப்படியொரு சுவர் இருக்காது. அங்கே பீடம் மேடைபோல் உயர்ந்திருக்கும், வழிபாட்டின் சில பகுதிகளில் துணித்திரை இழுத்து மூடுவார்கள், அவ்வளவுதான். சுவர் வைத்து மறைப்பது கிரேக்க, ரஷ்ய மரபு. ஆகப் பள்ளிவாசலுக்குள் இன்று கிறிஸ்தவத் தடயமாகக் கண்ணில் படுவதே கட்டியவர்களுடையது இல்லை, இடையில் 40 ஆண்டு வந்து போனவர்களுடையது.

1918 முதல் 1920 வரையான இரண்டரை ஆண்டுகளில் கார்ஸ் கைமாறிய வேகத்தை நினைத்தால் மூச்சு முட்டும். ரஷ்யப் புரட்சிக்குப் பின் போடப்பட்ட பிரெஸ்ட் லிதோவ்ஸ்க் உடன்படிக்கை, ஊரை ஒட்டோமான்களுக்கு விட்டுக் கொடுத்தது. 1918 ஏப்ரலில் அவர்கள் படை உள்ளே வந்தது; ஆர்மீனியர்கள் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். அக்டோபரில் ஒட்டோமான்கள் உலகப்போரில் தோற்றார்கள். உள்ளூர் முஸ்லிம்கள் தனி அரசு அமைத்தார்கள். 1919 ஏப்ரலில் பிரிட்டிஷார் அதைக் கலைத்து, ஊரைப் புதிதாகப் பிறந்த ஆர்மீனியக் குடியரசிடம் ஒப்படைத்தார்கள். ஓடியவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். ஆலயம் மறுபடியும் ஆர்மீனிய ஆலயமானது. 1579-க்குப் பிறகு முதல்முறையாக, கட்டியவர்களின் மொழியில் அங்கே வழிபாடு நடந்தது.

அது இரண்டு ஆண்டுகூட நிலைக்கவில்லை. 1920 அக்டோபர் 30 அன்று காசிம் காராபெகிரின் துருக்கியப் படை கார்ஸைப் பிடித்தது. 1921 அக்டோபரில் கையெழுத்தான கார்ஸ் உடன்படிக்கை வகுத்த எல்லைதான் இன்றைய எல்லை. ஊரின் ஆர்மீனியர்கள் போய்விட்டார்கள், திரும்பி வரவில்லை.

1915-இல் ஒட்டோமான் பேரரசுக்குள் ஆர்மீனியர்களுக்கு நடந்ததை வரலாற்றாய்வாளர்கள் மிகப் பெரும்பாலோர் இனப்படுகொலை என்கிறார்கள். பல நாடுகள் அப்படியே அங்கீகரித்திருக்கின்றன, துருக்கி அரசு மறுக்கிறது. கார்ஸ் அப்போது ரஷ்ய எல்லைக்குள் இருந்ததால் அந்த நாடுகடத்தல்கள் இந்த ஊரைத் தொடவில்லை. கார்ஸ் ஆர்மீனியர்கள் ஊரை இழந்தது அதற்குப் பின் வந்த போர்களில். பத்தாண்டுக்குள் இரண்டு வழியிலும் வந்து சேர்ந்த முடிவு ஒன்றுதான்: ஆலயங்கள் நின்றன, அவற்றைத் தங்களுடையவை என்று சொல்ல ஆளில்லை.

இங்கிருந்துதான் மனதுக்கு மிகவும் கனமான பகுதி. துருக்கிக் குடியரசு மதச்சார்பற்ற அரசாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. ஆலயம் கொஞ்ச காலத்தில் பள்ளிவாசலாகவும் இல்லாமல் போனது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அதைப் பெட்ரோலியக் கிடங்காகப் பயன்படுத்தினார்கள். ஒரு தீப்பொறி போதும், ஆயிரம் ஆண்டு வேலை போயிருக்கும். 1960களில் அதைச் சிறிய அருங்காட்சியகமாக்கினார்கள். 70களின் இறுதியில் அதுவும் வேறிடம் போனது. பிறகு பூட்டிக் கிடந்தது. 1990களின் தொடக்கத்தில் சமயத் துறையின் கைக்குப் போய் மறுபடியும் பள்ளிவாசலானது.

இந்த முறை அதை இழிவென்று என்னால் சொல்ல முடியவில்லை. எண்ணெய்ப் பீப்பாய் இருந்த இடத்தில் கம்பளம் விரித்துத் தொழுவது கட்டடத்துக்கு மரியாதை. கூரை ஒழுகினால் பார்க்க ஆள் இருக்கிறார்கள், கதவைத் திறக்க நேரம் இருக்கிறது, வெளியூரார் போனால் பார்க்கவும் விடுகிறார்கள். ஆனால் அதே காலகட்டத்தில், 1993-இல், ஆர்மீனியாவுக்கும் அசர்பைஜானுக்கும் நடந்த கராபாக் போரைக் காரணம் காட்டித் துருக்கி ஆர்மீனிய எல்லையை மூடியது. கார்ஸிலிருந்து எல்லைக்கு அப்பால் உள்ள கியும்ரிக்கு ஓடிய ரயிலும் நின்றது. ஆலயத்தைக் கட்டியவர்களின் வாரிசுகள், கூப்பிடு தூரத்தில் இருந்தும் வர முடியாதவர்களானார்கள்.

அக்கம்பக்கத்து ஆலயங்களோடு வைத்துப் பார்த்தால் கார்ஸின் நிலை இன்னும் தெளிவாகும். 45 கிலோமீட்டர் அளவு தொலைவில் எல்லையோரம் ஆனி. அங்குள்ள பேராலயத்தைக் கட்டியவர் த்ர்தாத். நிலநடுக்கத்தில் சேதமான ஹாகியா சோபியாவின் கும்மட்டத்தைச் சீரமைக்கக் கான்ஸ்டான்டிநோபிளுக்கே அழைக்கப்பட்ட கொத்தர் அவர். 1001-இல் முடிந்த அந்த ஆலயம், 1064-இல் பள்ளிவாசலாகி, 1124-இல் ஜார்ஜியர் வந்ததும் மறுபடி ஆலயமானது. 1319 நிலநடுக்கத்தில் கும்மட்டம் விழுந்தது. ஊர் ஒழிந்தது. 1988 நிலநடுக்கத்தில் ஒரு மூலையும் சரிந்தது. இன்று மேற்கூரை நடுவில் வானம் தெரியும் பேரழகான எலும்புக்கூடு. வான் ஏரித் தீவிலுள்ள அக்தமார் ஆலயத்துக்கு வேறு விதி. 915–921 காலத்தில் எழுந்த அது, சுவர் முழுக்க விவிலியக் காட்சிகள் செதுக்கிய அற்புதம். 1951-இல் இடிக்க ஆணை வந்து, கடைசி நேரத்தில் தப்பியது. 2007-இல் அரசு சீரமைத்து அருங்காட்சியகமாகத் திறந்தது. 2010 செப்டம்பரில், ஏறத்தாழ 95 ஆண்டுகளுக்குப் பிறகு, ஆண்டுக்கு ஒருநாள் வழிபாட்டுக்கு அனுமதித்தது. அடுத்த சில நாட்களில், அக்டோபர் 1 அன்று, தேசியவாதக் கட்சித் தலைவர் ஒருவர் தொண்டர்களோடு ஆனிப் பேராலயத்துக்குள் வெள்ளிக்கிழமைத் தொழுகை நடத்தினார். அங்கே ஒருநாள் கொடுத்தால் இங்கே ஒருநாள் எடுப்போம் என்பதைத் தவிர, அந்தத் தொழுகைக்கு வேறு அர்த்தம் எனக்குத் தோன்றவில்லை.

தொழுகை இடமும் இப்படிக் கைமாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனியில் ரஷ்ய ஆட்சியின்போது அகழாய்வு செய்த நிக்கோலாய் மார், அங்கிருந்த மெனூசெர் பள்ளிவாசலைத்தான் கண்டெடுத்த பொருட்களுக்கான அருங்காட்சியகமாக்கினார். ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் 18ஆம் நூற்றாண்டின் நீலப் பள்ளிவாசல் சோவியத் காலத்தில் அருங்காட்சியகமாக இருந்தது. அது மட்டுமே இன்று அந்நகரில் தொழுகை நடக்கும் பள்ளிவாசல். ஒரு காலத்தில் இன்னும் பல இருந்தன.

அக்தமாரும் ஆனியும் கார்ஸும் மூன்று வழிகள்: ஒன்று அருங்காட்சியகம், ஒன்று இடிபாடு, ஒன்று பள்ளிவாசல். மூன்றிலும் கல்லை எப்படிக் காப்பது என்ற கேள்விக்கு ஏதோவொரு பதில் உண்டு. பெயரை எப்படிக் காப்பது என்ற கேள்வியில்தான் தடுமாற்றம். ஆனியில் நெடுங்காலம் நின்ற அறிவிப்புப் பலகைகளில் ‘பாக்ராதுனி’ என்று வம்சப் பெயர் இருந்தது, ‘ஆர்மீனிய’ என்ற சொல் இல்லை. பார்த்து வந்தவர்கள் பலரும் இதை எழுதியிருக்கிறார்கள். வம்சம் எங்கிருந்தோ வானத்திலிருந்து குதித்தது போல.

பெயர் என்றதும் நம் ஊர் ஞாபகம் வருகிறது. சென்னை பாரிமுனையில் ஆர்மீனியர் தெரு இருக்கிறது. தமிழில் அதற்கு அரண்மனைக்காரத் தெரு என்று பெயர். அங்கே அரண்மனை ஏதும் இருந்ததில்லை. ‘ஆர்மீனியக்காரன்’ நம் நாக்கில் உருண்டு ‘அரண்மனைக்காரன்’ ஆகிவிட்டான். அங்கே 1772-இல் கட்டிய ஆர்மீனிய ஆலயம் இன்றும் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான அஸ்தரார் 1794-இல் அச்சானது நம் மதராஸில்தான். அதை நடத்திய ஷ்மாவோனியன் பாதிரியார் அந்த வளாகத்திலேயே அடங்கியிருக்கிறார். ஆலயத்தில் கூடி வழிபட ஊரில் ஆர்மீனியர்கள் இப்போது அநேகமாக இல்லை. ஆனாலும் வாசலில் பெயர் இருக்கிறது, கல்லறைகளில் அந்த எழுத்து இருக்கிறது. திரிந்தாவது தெருப் பெயரில் ஒட்டியிருக்கிறது. வணிகம் செய்ய வந்து போன ஒரு சிறு கூட்டத்துக்கு இது கிடைத்தது. சொந்த மன்னர் சொந்தத் தலைநகரில் கட்டிய ஆலயத்துக்குக் கிடைத்தது ‘கும்மட்டம்’ என்ற பொதுப்பெயர்.

கார்ஸிலேயே வேறொரு பள்ளிவாசலும் உண்டு, பெயர் ஃபெத்தியே. வெற்றி என்று பொருள். அது 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யர்கள் கட்டிய தேவாலயம். இடையில் விளையாட்டு அரங்காக இருந்து, 1985-இல் பள்ளிவாசலானது. இன்னொரு பக்கம், துருக்கி–ஆர்மீனிய நல்லிணக்கத்துக்கென்று எதிர்க் குன்றில் ஒரு சிற்பி பெரிய சிலை ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்தார். ஒரே மனிதன் இரண்டாகப் பிளந்து ஒருவரையொருவர் பார்த்து நிற்பது போன்ற வடிவம். 2011 ஜனவரியில் அங்கு வந்த பிரதமர் எர்தோவான் அதை விகாரம் என்றார். அந்த ஏப்ரலில் துண்டு துண்டாக அறுத்து இறக்கினார்கள்.

2020-இல் ஹாகியா சோபியா மீண்டும் பள்ளிவாசலானபோது உலகம் முழுக்கச் சத்தம் எழுந்தது. கார்ஸில் அது கால் நூற்றாண்டுக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது, அப்போது அத்தனை பேர் கவனிக்கவில்லை. நான் கேட்கக்கூடியது பெரிதில்லை. தொழுகை நடக்கட்டும். அக்தமாரில் முடிந்தது கார்ஸிலும் முடியும்: ஆண்டில் ஒருநாள், கட்டியவர்களின் வழிபாட்டுக்குக் கதவைத் திறக்கலாம். பலகையில் கட்டியது யார் என்று முழுதாக எழுதலாம்.

கியும்ரியிலிருந்து கார்ஸ் நேர்க்கோட்டில் 70 கிலோமீட்டர்கூட இல்லை. பேரரசுகள் போட்ட தண்டவாளமும் இருக்கிறது. இருந்தும் எல்லை மூடிய இத்தனை ஆண்டுகளில், கியும்ரிக்காரர் ஒருவர் இந்த ஆலயத்தைப் பார்க்க விரும்பினால் வடக்கே ஏறி, ஜார்ஜியாவுக்குள் போய், அங்கிருந்து துருக்கி எல்லையைக் கடந்து, மறுபடி தெற்கே இறங்கி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ரஷ்ய முகமண்டபத்தைத் தாண்டி உள்ளே வந்தால், கம்பளக் கோடுகள் தெற்கு நோக்கிப் போகும். அவர் கால்கள் தன்னால் திரும்புவது கிழக்கே. அங்கே நிற்பது ரஷ்யத் திரைச்சுவர். தன் முன்னோர் கட்டியதைப் பார்க்க அவர் மறுபடி வெளியே வந்து, தள்ளி நின்று, தலையை உயர்த்த வேண்டும்.